பச்சைப் பட்டையில் இருபத்தாறு பேர்

கோபெமா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பைந்து ஒரு நர்ஸை அழவைத்துவிட்டாள். அந்த நர்ஸ் சுருட்டிப் போட்ட விரிப்புக்குள் ஊசி ஒன்று இருந்தது. அது பைந்துவின் கட்டைவிரலில் ஏறிவிட்டது. "நீ தொலைச்சிட்டுத் தேடாமப் போன ஊசியை நான் கண்டுபிடிச்சிட்டேன் பாரு" என்று ரத்தம் சொட்டும் விரலை நர்ஸின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அவள் பின்னாலேயே நடந்தாள். அதற்கப்புறம் கைலாஹுன் மாவட்டத்திலேயே ஒழுங்காக உதறி மடித்து வந்தது அந்த ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணி மட்டும்தான் என்று லஹாய் சொல்லுவான். லஹாய் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுபவன். பைந்துவின் வாய்க்குப் பயப்படாமல் அவளைக் கேலி செய்யக்கூடிய ஒரே ஆள்.

எபோலா வந்த வருஷம் மழை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியில் எட்டுப் பேர் செத்தார்கள். முதலில் போனவள் அந்த ஊசி நர்ஸ். மற்றவர்கள் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். யாரும் வராத ஆஸ்பத்திரியில் துவைக்கத் துணி ஏது? எல்லாவற்றையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். பைந்துவின் முதுகில் மருந்தடிக்கும் டேங்கை மாட்டி, "இனிமே இதுதான் உன் வேலை" என்றார்கள்.

அடிப்பதைவிட மருந்தைக் கலக்குவதுதான் கொடுமை. குளோரின் தூளைத் தண்ணீரில் கொட்டிக் கம்பால் கிண்ட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு டிரம். தூள் நனைந்துவிடும் என்று பழைய மருந்து அறைக்குள்ளேயே கலக்கச் சொன்னார்கள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதற்கும் பலகை அடித்திருந்தது. மூடியைத் திறந்ததுமே தொண்டைக்குள் மிளகாயை அரைத்துத் தேய்த்தது போலிருக்கும். முகத்துக்குக் கிடைத்தது காகித மூடி.

"கெட்டியான மூடி பெட்டி பெட்டியா வந்து கெடக்குதே, ரெண்டு குடுங்க சார்" என்று பைந்து ஸ்டோர்காரரிடம் கேட்டாள்.

"அது வார்டுக்குள்ள போறவங்களுக்கு. நீ கலக்குறவதானே? கிருமியா இருக்கு அங்க?"

"கிருமி இல்ல சார். காத்தும் இல்ல."

கெட்டியான மூடிக்குப் பதில் அவர் வாரம் இரண்டு டப்பா பால் கொடுத்தார். குடித்தால் மார்பு சுத்தமாகிவிடுமாம். பதினொரு மாதம் பைந்து பால் குடித்தாள். காலையில் காறித் துப்பினால் எச்சிலில் இளஞ்சிவப்பாக நூல் ஓடும். அதை யாருக்கும் காட்டவில்லை. சுற்றிலும் ஆட்கள் ரத்தமாகவே கக்கிக்கொண்டிருந்தபோது இதைப்போய் யாரிடம் காட்டுவது?

லஹாய் அடக்கக் குழுவில் சேர்ந்திருந்தான். வண்டியை ஓட்டுவான், இறங்கி உடலைத் தூக்குவான், குழிக்குள் இறக்குவான். அவனுக்கு முன்னும் பின்னும் நடந்து வீட்டுக்கும் பாய்க்கும் உடலுக்கும் மருந்தடிப்பது பைந்து. குளிப்பாட்டாமல், கபன் துணி சுற்றாமல், பையில் போட்டு இழுத்துக்கொண்டு போகிறார்களே என்று ஊர் ஊராகக் கல் எறிந்தார்கள். ஒரு ஊரில் லஹாயின் காதுமடல் கிழிந்தது. "எனக்குக் கம்மல் போட ஆசைன்னு இவங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே அவன் வண்டியை எடுத்தான்.

அந்த வருஷத்தில், திரும்ப நினைத்துப் பார்க்காமல் பைந்து நெஞ்சில் அமுக்கி வைத்திருக்கும் நாள் ஒன்று உண்டு. அவள் தங்கை ஜாட்டு ஊரில் தலைமுடி பின்னிவிடும் தொழில் செய்தாள். காய்ச்சலோடு வந்த ஒரு வாடிக்கைக்காரியின் தலையைத் தொட்டாள். ஆறாம் நாள் ஜாட்டுவுக்கும் காய்ச்சல். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, தங்கையின் மெத்தைக்கும் பாவாடைக்கும் சீப்புகளுக்கும் மருந்தடித்து எரித்தது பைந்துவேதான். இருபத்துமூன்று நாள் கழித்து ஜாட்டு சிகிச்சைக் கூடாரத்தை விட்டு நடந்து வெளியே வந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். பைந்துவும் தட்டினாள். தட்டத் தட்ட இருமல் வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கூட்டம் போட்டு, பெரிய மனிதர்கள் பேசி, மருந்தடித்தவர்களுக்கும் அடக்கம் செய்தவர்களுக்கும் 'வீரர்' என்று அச்சடித்த பனியன் கொடுத்தார்கள். எல்லாமே ஒரே அளவு. பைந்துவுக்கு முழங்கால்வரை தொங்கியது.

அதற்கப்புறம்தான் உடம்புகள் பேச ஆரம்பித்தன. ஜாட்டுவுக்கு முழங்கால் வீங்கியது, இடது காதுக்குள் எந்நேரமும் வண்டு இரைந்தது. பிறகு இரண்டு கண்ணும் சிவந்து வலித்து, மெல்ல மெல்ல மங்கின. தலைமுடியில் வகிடு எடுக்கத் தெரியவில்லை என்று தொழிலை விட்டாள். பைந்துவைத் துணி துவைக்கத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் சலவைத் தூள் பொட்டலத்தைப் பிரித்ததும் அவளுக்கு மூச்சு அடைத்தது. மூன்று முறை மயங்கி விழுந்த பிறகு, "வேலைக்கு லாயக்கில்லை" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சந்தையில் பழைய துணி மூட்டையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் விற்கலாம், நடக்க வேண்டாம்.

அக்கா தங்கை இருவரும் சமைத்ததைப் பார்க்க வேண்டும். பைந்துவால் அடுப்புப் புகையை நெருங்க முடியாது. ஜாட்டுவால் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஜாட்டு அடுப்படியில் நிற்பாள், பைந்து மாமரத்தடியில் உட்கார்ந்து கத்துவாள்.

"இடது பக்கம் விறகைத் தள்ளு. தள்ளுன்னா இழுக்கறியே! எண்ணெய் பொங்குது, மரவள்ளி இலையைப் போடு."

"உப்பு போட்டேனா?"

"ரெண்டு தடவை போட்டே. இன்னிக்கு நாம கடலைக் குடிக்கப் போறோம்."

பிழைத்தவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் வைத்தியம் இலவசம் என்று பேச்சு. ஜாட்டு அட்டையைக் காட்டினால் மருந்து ஜன்னலில், "கண் சொட்டு இல்ல, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். அடுத்த மாதமும் அதே ஜன்னல், அதே பதில். பைந்துவுக்கு அந்த அட்டையும் கிடையாது. "உங்களுக்குத்தான் எபோலா வரலியேம்மா" என்றார் குமாஸ்தா.

"வராதது என் தப்பா?" என்றாள் பைந்து.

நோய் போன மறுவருஷம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். தலைமை ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா, பெயர் இங்க்ரிட். ஊரில் அவர்களுக்கு எல்லாம் செய்து கொடுத்தவர் தலைநகரிலிருந்து வந்த பிந்தி என்பவர். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேச்சு, கோபமே வராத மனிதர். பிழைத்தவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, வருஷங்கள் போகப்போக உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க நோய் வராதவர்களும் வேண்டுமாம். பைந்து அந்தப் பக்கம் சேர்ந்தாள். எப்படியும் ஜாட்டுவைக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும், போன இடத்தில் தானும் ரத்தம் கொடுத்தால் என்ன?

நாலு வருஷம், எட்டு முறை. ரத்தம் எடுத்தார்கள். கண்ணோரம் காகிதத் துண்டை வைத்துக் கண்ணீர் எடுத்தார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள். சோறும் கடலைக் குழம்பும் போட்டு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஜாட்டுவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்கள். ஐந்தாம் முறையே அவள் இடது கருவிழியில் வெள்ளை படர்ந்தது வாசலில் நின்றவர்களுக்கே தெரிந்தது.

"எழுதறீங்களே, எடுக்க மாட்டீங்களா?" என்று பைந்து கேட்டாள்.

"அது எங்க ஆராய்ச்சியில வராதும்மா" என்றார் பிந்தி. "ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர்றோம்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று ஊர் போனார்கள். மூன்று கண் டாக்டர்களும் ஜாட்டுவின் அட்டையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். கண்ணுக்குள் கிருமி இன்னும் உயிரோடு இருக்கலாம், கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள். மூன்றாமவர் தன் மேஜையைத் துடைக்கச் சொன்னார், ஜாட்டு இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. துடைக்க வந்தவளின் கையில் இருந்த வாளியிலிருந்து குளோரின் வாசனை வந்தது. பைந்து தெருவுக்கு ஓடி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். ஜாட்டு காற்றைத் துழாவிக்கொண்டு, "அக்கா, எங்க இருக்கே? சத்தம் குடு" என்று கூப்பிட்டாள். சத்தம் கொடுக்கத்தான் அவளால் முடியவில்லை.

எட்டாவது சோதனை முடிந்து ஒரு மாதம் கழித்து, கிடைத்த முடிவுகளை ஊருக்குச் சொல்லப் போகிறோம் என்று ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர்த் தலைவர் வந்தார், இமாம் வந்தார். பிந்தி சுவரில் பெரிய தாள்களை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பட்டை. சிவப்பு, எபோலாவில் பிழைத்தவர்கள். பச்சை, நோய் வராத ஆரோக்கியமானவர்கள். கண்ணில் சிவப்பு உயரம், மூட்டுவலியில் சிவப்பு உயரம், காதில் சிவப்பு உயரம். கடைசித் தாளில் இரண்டும் ஒரே உயரம்.

"இது நல்ல சேதி" என்றார் பிந்தி. "மூச்சைப் பொறுத்தமட்டும் வித்தியாசமே இல்ல. பிழைச்சவங்க மூச்சும் ஆரோக்கியமானவங்க மூச்சும் ஒண்ணாவே இருக்கு. எபோலா நுரையீரலைக் கெடுக்கலன்னு இதுல தெரியுது."

சிலர் கை தட்டினார்கள். பைந்து எழுந்தாள்.

"அந்தப் பச்சை யாரு சார்?"

"நீங்கதாம்மா. உங்களை மாதிரி ஆளுங்க."

"நானா?"

"ஆமாம்மா. நோய் வராத ஆளுங்க."

பைந்து சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி, இரண்டாக மடங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது. நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர், வாயோரம் எச்சில். துடைக்கவில்லை.

"பாத்துக்கோங்க, இதுதான் ஆரோக்கியம்" என்றாள். "லஹாய், எந்திரி. நீயும் பச்சைதானே? அந்தத் தூணுவரைக்கும் ஓடிட்டு வா."

லஹாய் பின்வரிசையில் இருந்தான். ஐந்து வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தான். "தூணுவரைக்குமா? ஏம்மா பைந்து, என்னைக் கொன்னுட்டு நீ மையித்துக்கு மருந்தடிக்கவா? எந்திரிச்சாலே உள்ள விசில் அடிக்குது. ஒரு கால்பந்து ஆட்டமே நடக்குது எனக்குள்ள."

"பச்சையில இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றாள் பைந்து. நாற்பத்தோரு பேர் தூக்கினார்கள். "குளோரின் கலக்கினவங்க, அடிச்சவங்க, பையைத் தூக்கினவங்க மட்டும் தூக்கியே வெச்சிருங்க. மத்தவங்க எறக்குங்க."

இருபத்தாறு கைகள் மேலேயே நின்றன.

"ஏன் சார் எங்களை எடுத்தீங்க? நான் சொல்லட்டுமா? மருந்தடிச்சவங்கன்னு எங்க பேரு ஏற்கெனவே ஒரு தாளுல இருந்துச்சு. கூப்பிட்டா வருவோம். வீடு வீடா அலைய உங்களுக்கு வலிச்சுது. வெந்துபோன நுரையீரலைக் கொண்டாந்து என் தங்கச்சி நுரையீரலுக்குப் பக்கத்துல வெச்சு, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல? நாலு வருஷம் அந்தக் குழாய்ல ஊதினேன். ஊதிட்டு உங்க முன்னாடியே கண்ணு இருட்டி உக்காந்திருக்கேன். ஒருத்தராவது, ஏம்மா இப்படி எளைக்குது, நீ என்ன வேலை பாத்தேன்னு கேட்டீங்களா? எத்தனை பிள்ளை, வீட்டுல ஆடு இருக்கா, கக்கூஸ் இருக்கா, எல்லாம் கேட்டீங்க. இதைக் கேக்கல!"

"அம்மா, கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்க..."

"எனக்கு உட்காரத் தெரியும் தம்பி. அஞ்சு வருஷமா உட்கார்ந்துதான் இருக்கேன்."

முன்வரிசையில் இருந்த இங்க்ரிட் டாக்டருக்கு ஊர் மொழி பாதிதான் புரியும். ஆனால் தூக்கி நின்ற கைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் முகம் வெளுத்தது. பிந்தியிடம் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். பிந்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

மறுநாள் காலை பிந்தி ஒரு மூட்டை அரிசியும் ஆறு சோப்பும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இப்படிக் கூட்டத்தில் பேசினால் மேலிடத்தில் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் ஊருக்கு வருகிற கொஞ்சநஞ்சமும் வராது என்று இதமாகச் சொன்னார். பைந்து அரிசி மூட்டையை அவர் மோட்டார் பைக்கின் பின்னால் தானே கட்டிவிட்டாள். கட்டி முடிக்க நாலு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவர் உதவ வந்தபோது, "தள்ளி நில்லு" என்றாள்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து, சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தாள். ஆறாம் வகுப்புவரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: எந்தக் காரணமும் சொல்லாமல், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இன்னும் இரண்டு சோதனை பாக்கி. அவை இல்லாவிட்டால் நாலு வருஷக் கணக்கும் அந்தரத்தில் நிற்கும் என்று பிந்தி வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் வீடு வீடாகப் போனாள். லஹாய் தன் பழைய மோட்டார் பைக்கில் ஏற்றிப் போனான். அவள் இறங்கிப் பேசுவாள், அவன் வண்டியிலேயே குனிந்து உட்கார்ந்து மூச்சைத் தேடுவான். "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நுரையீரல் இருக்கு, பைந்து. மேடு வர்றப்ப நீ வெச்சுக்கோ, எறக்கத்துல எனக்குக் குடு" என்பான்.

எல்லாரும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சாட்டா என்பவள், கலக்கும் அறையில் பைந்துவோடு நின்றவள், முடியாது என்றாள். "அங்க போனா ஒரு வேளை சோறு, நாலு மாத்திரை. ரத்தக்கொதிப்பு பாக்கறாங்க. எனக்குன்னு கெடைக்கறது அது ஒண்ணுதான்."

"நாலு மாத்திரைக்கு நெஞ்சைக் குடுத்துட்டியா? நாயிக்கு எலும்பு போட்ட மாதிரி!" என்றாள் பைந்து.

சாட்டா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பிள்ளைகள் மூன்றும் எபோலாவில் போனவை. அது பைந்துவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. பிறகு இரண்டு தடவை அந்த வாசலுக்குப் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை.

வீட்டிலும் சண்டை. ஆராய்ச்சிக்காரர்கள் புதிதாக ஒரு கண் டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று ஜாட்டுவுக்குச் சேதி வந்திருந்தது.

"நீங்க இருபத்தாறு பேர் ஓடிட்டா அவங்க கடையைக் கட்டிட்டுப் போயிருவாங்க. உன் கோவத்துக்கு என் கண்ணுதான் கெடைச்சுதா?"

"நாலு வருஷமா அந்தக் கண்ணைப் பாத்துப் பாத்து எழுதினாங்களே, என்ன ஆச்சு?"

"எழுதவாவது செஞ்சாங்க. நீ கத்தறே. கத்தினா தெரியுமா எனக்கு?"

அன்று அடுப்படியில் ஜாட்டு கையைச் சுட்டுக்கொண்டபோதும் அக்காவைக் கூப்பிடவில்லை.

ஒன்பதாவது சோதனை நாளன்று பச்சைக்காரர்களில் இருபத்திரண்டு பேர் போகவில்லை. சமைத்த சோறு மிஞ்சியது. மூன்றாம் நாள், பைந்து சந்தையில் கால்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது இங்க்ரிட் டாக்டர் தனியாக வந்து எதிரே சாக்கில் உட்கார்ந்தார். அந்த நாட்டின் பொதுமொழியான கிரியோவில் திக்கித் திக்கிப் பேசினார்.

"நான் தப்பு பண்ணிட்டேன்."

"ஆமா."

"மூச்சுப் பத்தின முடிவை வெளியிடாதீங்கன்னு எழுதிட்டேன். உங்க இருபத்தாறு பேரையும் தனியா வெச்சுச் சோதிக்கணும்னு கேட்டிருக்கேன். குளோரின்ல வேலை செஞ்சவங்கன்னு தனிப் பிரிவு. ஆனா வைத்தியத்துக்கு என்கிட்ட வழி இல்ல. அதுக்கும் எழுதறேன். கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"எழுதறதை எனக்குப் படிச்சுக் காட்டு. அப்புறம் அனுப்பு."

டாக்டர் தலையாட்டினார்.

"என் தங்கச்சி கண்ணு?"

"கண்ணுக்குள்ள இருக்கற தண்ணியை எடுத்துச் சோதிச்சா கிருமி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும். இல்லன்னா ஆபரேஷன் பண்ணலாம். பண்றதுக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டிருக்கார்."

"இந்தச் சோதனை இத்தனை நாளும் இருந்துச்சா?"

டாக்டர் மடியிலிருந்த கையைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா இருக்கு."

பைந்து கையிலிருந்த கால்சட்டையைத் திரும்பவும் உதறி மடித்தாள். வாயைத் திறந்திருந்தால் அந்த அம்மாளை அடித்திருப்பேன் என்று பின்னால் ஜாட்டுவிடம் சொன்னாள்.

ஜாட்டுவையும் இன்னும் ஐந்து பேரையும் வண்டியில் தலைநகருக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணீரிலும் கண்ணுக்குள்ளிருந்த நீரிலும் கிருமி இல்லை. வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்ததும் ஜாட்டு முதலில் பார்த்தது அக்காவை.

"இவ்வளவு கெழவியா ஆயிட்டியா?" என்றாள்.

"உன்னால ஆனதுதான்."

இடது கண்ணைப் பற்றிக் கேட்டபோது ஆபரேஷன் செய்த டாக்டர் தயங்கினார். அது உள்ளே சுருங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். பைந்து அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க வந்தோம். எட்டுத் தடவை வந்தோம். எழுதி வெச்சிருக்காங்க, போய்ப் பாரு!" நர்ஸ் வந்து விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. ஜாட்டு அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒற்றைக் கண்ணால் அவள் அறையின் ஒவ்வொரு மூலையையும் ஆசைதீரப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் பைந்து அடங்கினாள்.

நுரையீரலைச் சோதிக்கும் மெஷின் கோபெமாவுக்கு வந்து சேர அடுத்த மழைக்காலம் ஆயிற்று. அதற்கு ஒன்பது நாள் முன்னால் லஹாய் போய்விட்டான். ஜலதோஷம் மாதிரித் தொடங்கியது, நாலு நாளில் முடிந்தது. ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டரில் காற்று இல்லை. அவன் எத்தனையோ உடல்களைக் குளிப்பாட்டாமல் மண்ணுக்குள் இறக்கியவன். அவனை முறைப்படி குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றினார்கள். அவன் காதைக் கிழித்த ஊரிலிருந்து பதினைந்து பேர் ஜனாஸாவுக்கு வந்திருந்தார்கள். தூக்கிப் போக ஒருவரையொருவர் முந்தினார்கள். தெருவோரம் பெண்களோடு நின்ற பைந்துவிடம் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "நல்ல மனுஷன்" என்றார்.

"இப்பவா தெரிஞ்சுது?" என்றாள் பைந்து. சாட்டா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் பைந்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெஷினில் இருபத்தைந்து பேரும் ஊதினார்கள். பதினேழு பேருக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கியிருந்தது. பைந்துவுக்கு இருந்தது பாதி மூச்சுதான். இங்க்ரிட் டாக்டர் சொன்னபடி எழுதினார், படித்தும் காட்டினார். 'ஆரோக்கியமானவர்கள்' என்ற சொல்லுக்கு அடியில் அவர்கள் பெயர் இல்லை. ஏதோ ஒரு உதவி அமைப்பு அதைப் படித்துவிட்டு மூச்சு மருந்து அனுப்பியது. வாயில் வைத்து அழுத்தினால் புஸ்ஸென்று நெஞ்சுக்குள் போகும் சின்ன டப்பா. முதல் நாள் அதை இழுத்ததும் பைந்து வீட்டிலிருந்து சந்தைவரை எங்கும் உட்காராமல் நடந்தாள். சந்தைக்குப் போனதும் திரும்பி, மறுபடியும் வீட்டுக்கு நடந்தாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான்.

பதினான்கு மாதம் வந்தது. பிறகு நின்றது. உதவி அமைப்பு வேறு நாட்டுக்குப் போய்விட்டதாம், இனி மாவட்டச் சுகாதார அலுவலகம்தான் கொடுக்க வேண்டுமாம். அலுவலகத்தில் அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பைந்துவும் சாட்டாவும் இன்னும் ஆறு பேரும் அந்த அலுவலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். கோஷம் போடவில்லை, போட மூச்சும் இல்லை. எட்டுப் பேர் இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் உள்ளே மேஜைவரை கேட்டது. அதிகாரி வெளியே வந்து பார்த்தார். "இன்னிக்கு முடியாதும்மா, மேல எழுதியிருக்கேன்" என்றார்.

"நாங்க காத்திருக்கோம் சார். நீங்க வேலையைப் பாருங்க."

அதற்கடுத்த திங்கள் அவர் பின்வாசல் வழியாக வந்தார். ஜாட்டு ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டாள். மூன்றாம் திங்களிலிருந்து நாலு பேர் முன்னால், நாலு பேர் பின்னால். மதியத்துக்கு ஜாட்டு மரவள்ளிக் கீரையும் சோறும் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வாசலுக்கும் கொடுப்பாள்.

இப்போது மூன்று மாதத்தில் இரண்டு மாதம் மருந்து வருகிறது. வராத மாதம் எந்த வாசலில் யார் உட்காருவது என்று பைந்து ஞாயிற்றுக்கிழமையே சொல்லி அனுப்பிவிடுகிறாள்.